பம்பரில் ஒட்டிய சிவப்பு

தொட்டதுதான். இடிக்கவில்லை, தொட்டது. வேடியப்பன் ஹெல்மெட்டுக்குள் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபடி, கூரையில் ஆரஞ்சு விளக்கு சுழலப் போய்க்கொண்டிருந்த பாதுகாப்பு காரின் பின்னால் ஊர்ந்தான். பந்தயத்தில் விபத்து என்றால் அந்த வண்டியை உள்ளே விடுவார்கள். அது முன்னால் மெதுவாகப் போகும், பின்னால் எல்லோரும் வரிசை கட்டிப் போக வேண்டும், ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. உடைந்ததையும் சிந்தியதையும் பாதையிலிருந்து எடுத்தபின் அது விளக்கை அணைத்துக்கொண்டு ஒதுங்கும், மறுபடி ஓட்டம் தொடங்கும். வரிசையில் முதல் வண்டி வேடியப்பனுடையது. கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை முதல் வண்டி நிரஞ்சுடையது. இப்போது நிரஞ்சின் சிவப்பு வண்டி மேற்குக் கோடி வளைவில், புல்லும் செம்மண்ணுமான இடத்தில் தலைகீழாகக் கிடந்தது. முதல் தடவை கடந்தபோது அதன் பின்சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, சுவிட்சை அணைத்த பிறகும் ஓடுகிற விசிறி மாதிரி. ஆளைக் காணவில்லை. மஞ்சள் கொடி ஆட்டுகிற ஆள்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தொட்டது என்றால் பாதிக் குற்றம், இடித்தது என்றால் முழுக் குற்றம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தமிழில் இருக்கிறதா என்று தேடினான். உரசியது? உரசியது என்றால் பக்கவாட்டில். இது பின்னாலிருந்து. ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை, காதில் ஒன்றும் கேட்கவில்லை, இன்ஜின் சத்தத்தில் எதுதான் கேட்கும். ஆனால் தொடையில் தெரிந்தது. இருக்கையின் அடியிலிருந்து தொடைக்கு ஒரு சின்னத் தட்டு, பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் இறங்குமிடம் வந்துவிட்டது என்று தட்டுவது போல. அடுத்த கணம் முன்னால் இருந்த சிவப்பு, இடப்பக்கமாகப் போய், வானத்துக்குப் போய், காணாமல் போனது.

காதில் கரகரத்தது. துரைசாமி அண்ணன். குழுவின் தலைமை மெக்கானிக், பிட், அதாவது ஓட்டத்துக்கு நடுவில் வண்டியைப் பழுதுபார்க்க ஒதுக்குகிற இடம், அதன் சுவரோரம் நின்று ரேடியோவில் பேசுகிறவர், பீளமேட்டுப் பட்டறைகளில் பிறந்து வளர்ந்தவர். "கண்ணு, கேக்குதா?" "கேக்குதுங்கண்ணா." "முன்னாடி பம்பர்ல செகப்பு ஒட்டிருக்குது. இப்ப நீ எங்கள தாண்டிப் போறப்ப பாத்தேன். வலது மூலையில, கையகலத்துக்கு." தன் வண்டியின் மூக்கு ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற கேமராவுக்கும் பானெட் வரைதான் எட்டும், மேற்குக் கோடியில் வேறு கேமராவும் கிடையாது. வெள்ளை பம்பரில் கையகலச் சிவப்பு. அண்ணன் மறுபடி வந்தார், குரல் மாறியிருந்தது, பக்கத்தில் யாரோ நின்று சொல்லிக்கொடுப்பது போல. "பம்பர் தொங்குது. அடுத்த சுத்துல உள்ள வந்துரு. மாத்திக் குடுத்தர்றோம்." "தொங்கலீங்கண்ணா. தொங்கினா ரோட்ல இழுக்கற சத்தம் வரும்." "தொங்குதுன்னா தொங்குது, வா."

புரிந்தது. புரிய வெகு நேரம் ஆகவில்லை, அதுதான் உறுத்தியது. இந்த மாதிரிப் பேச்சு புரிகிற அளவுக்கு அவனும் தேறிவிட்டான். பந்தயம் முடிந்ததும் வண்டிகளையெல்லாம் ஒரு கம்பிவேலிக் கொட்டடியில் நிறுத்தி வைப்பார்கள். அதன்பின் சொந்தக்காரன்கூட வண்டியைத் தொடக் கூடாது. நடுவர்கள் டார்ச்சும் கண்ணாடியுமாக வந்து குனிந்து பார்ப்பார்கள். பின்னாலிருந்து தள்ளி ஒருவனைக் கவிழ்த்தது உறுதியானால் அன்றைய ஓட்டமே கணக்கில் இல்லாமல் போகும். ஆனால் ஓட்டத்துக்கு நடுவில் உடைந்த பம்பரை மாற்றுவது விதிப்படி சரி. பழைய பம்பர் பட்டறைக் குப்பைக்குப் போகும், குப்பையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. உள்ளே போனால் சில இடங்கள் பின்னால் தள்ளப்படுவான், அவ்வளவுதான். ஐந்தாவதாக முடித்தாலே இந்த வருடச் சாம்பியன் பட்டம் அவனுக்கு. பட்டம் வந்தால் அடுத்த வருடம் மலேசியாவில் ஓடும் ஆசியப் பந்தயத்தில் இருக்கை, அது ஒன்றே ஒன்று, குழுவின் முதலாளி வாய்விட்டுச் சொன்னது. உள்ளே போகாவிட்டால் இன்றைக்கு ஜெயிக்கலாம், ஜெயித்ததைக் கொட்டடியில் வைத்துப் பிடுங்குவார்கள், பட்டமும் போகும், இருக்கையும் போகும். கூட்டிக் கழித்தால் கேள்வியே இல்லை. அப்படியிருந்தும் பிட் வாசல் வந்தபோது கை திரும்பவில்லை. ஏன் என்று கையைக் கேட்டான். அது பேசாமல் நேரே பிடித்துக்கொண்டு போயிற்று.

இந்த வேகத்துக்குப் பழகிய கை அது. பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு காரின் பின்னால் ஊர்வது வதை; டயர் ஆறிவிடும் என்று பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஓட்டுவார்கள், திட்டுவார்கள். வேடியப்பனுக்கு இது தாய்வீட்டு வேகம். ஒரகடம் பக்கத்துக் கார் ஆலையில் அவன் செய்த வேலை இதுதான்: வரிசையிலிருந்து புதிதாக இறங்கும் காரில் ஏறி, ஷவருக்குள் ஓட்டி, ஷவர் என்றால் நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்க்கிற கூண்டு, அதிலிருந்து எடுத்துக் கிட்டங்கி மைதானத்தில் நிறுத்துவது, இறங்கி ஓடி வந்து அடுத்த காரில் ஏறுவது. ஒரு நாளைக்கு எத்தனை கார் என்று எண்ணினால் பைத்தியம் பிடிக்கும். ஊத்தங்கரையிலிருந்து ஒப்பந்தக்காரன் கூட்டிவந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதே வேலை. நாட்டில் அவர்களைவிட அதிகம் புதுக் கார் ஓட்டியவன் கிடையாது, அவர்களில் ஒருவனிடமும் சொந்தமாக சைக்கிள்கூடக் கிடையாது. மோதிரம் கூடாது, பெல்ட் பக்கிள் கூடாது, சட்டைப்பையில் சாவி கூடாது, பெயின்ட்டில் கீறல் விழும். உடம்பில் கீறல் விழுவதைப் பற்றி விதி எதுவும் இல்லை. ஒரு காரின் பக்கக் கண்ணாடிக்கும் அடுத்த காரின் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண், அதற்கு மேல் விட்டால் மேஸ்திரி கத்துவான், இடம் உன் தாத்தா வாங்கிப் போட்டதா என்று. அப்படி ஒரு சாணுக்குள் ஓட்டி ஓட்டித்தான் வண்டியின் நாலு மூலையும் அவனுக்குச் சொந்தத் தோள்பட்டை போல ஆனது. ஆயுதபூஜைக்கு ஆலையில் கூம்புகளை நட்டு, ஊழியர்களுக்கு வண்டி ஓட்டும் போட்டி வைத்தார்கள். அதில் ஜெயித்தான். பரிசாகக் குட்டிக் கார்ட் வண்டிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தொழிலாளி ஜெயித்தான் என்று ஆலையின் மாதாந்திரப் பத்திரிகையில் படம் போட்டார்கள். படம் போட்ட மாதமே ஒப்பந்தக்காரன் எல்லோருக்கும் ஓவர்டைமை நிறுத்தினான். கார்ட்டில் ஜெயித்து, புதியவர்கள் கோப்பையில் ஏறினான். முதல் பந்தயத்தில் தொடக்கக் கோட்டில் போய் நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிட்டான், கிட்டங்கிப் பழக்கம், நின்றால் அணை, புதுக் காரில் ஊற்றுவது ஒரு மிடறு பெட்ரோல். விளக்கு மாறியது, எல்லோரும் போனார்கள், இவன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், அது சாவியில்லாத வண்டி. அரங்கமே சிரித்தது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் பார்க்கிங்.

இன்று காலையில்கூட நிரஞ்ச் கூப்பிட்டான். "என்ன பார்க்கிங், இன்னிக்கி எங்க நிறுத்தப் போற?" "உனக்கு முன்னாடிதான் தம்பி." "பாத்துண்ணா, டோக்கன் வாங்கிக்கோ." சுற்றியிருந்த பையன்கள் சிரித்தார்கள். வேடியப்பனும் சிரித்தான். நிரஞ்ச் கெட்டவன் இல்லை. நூற்பாலைக்காரர் மகன், பத்து வயதில் சொந்த கார்ட் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், வேறு எதுவும் செய்யத் தெரியாது, அது அவன் குற்றமா. சென்னையில் ஒரு தடவை வெயிலில் வேடியப்பனுக்குத் தலை சுற்றியபோது தன் ஐஸ் பையை எடுத்துக் கழுத்தில் வைத்தவன் அவன்தான். அவன் ஓட்டம் முரட்டு ஓட்டம் என்றால் பத்திரிகைகள் துணிச்சல் என்று எழுதும், அதே ஓட்டத்தை வேடியப்பன் ஓட்டினால் பக்குவம் போதாது என்று எழுதும். அதுவும் அவன் எழுதியது இல்லை. அண்ணா என்றுதான் கூப்பிடுவான், பார்க்கிங் என்பதை முன்னால் சேர்த்து. அந்தச் சொல் வளைவுக்குள் நுழைகிற அந்த நொடியில் மனதில் இருந்ததா? இங்கேதான் சிக்கியது. நிரஞ்ச் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் போட்டான். அது தெரிந்தது. நடுவில் இருந்த இடைவெளி ஒரு சாண், அதுவும் தெரிந்தது. ஒரு சாணைப் பற்றி இவனிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வலது கால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தது. ஆனால் எழுவதற்கு முன் அங்கே கொஞ்சம் நின்றது. அந்தக் கொஞ்சத்தில் என்ன இருந்தது? வெறும் தாமதமா? காலையில் சிரித்த சிரிப்பா? பம்பரில் ஒட்டிய சிவப்பு தொட்டதைச் சொல்லும், ஏன் தொட்டது என்பதை அதில் எந்த நடுவராலும் படிக்க முடியாது. இவனாலும் முடியவில்லை. இவன்தான் உள்ளே இருந்தவன்.

மேற்குக் கோடி மறுபடி வந்தது. வண்டியை நிமிர்த்தியிருந்தார்கள். கூரை நசுங்கி, மூடி மிதிபட்ட டிபன் டப்பா போல இருந்தது. சுற்றி நீலத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள், உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி. தார்ப்பாய் பிடிப்பது நல்லதற்கா கெட்டதற்கா? அடியில் ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரம் தெரிந்தது. வேடியப்பன் கழுத்தைத் திருப்பினான், திருப்ப முடியவில்லை, கழுத்துக் காப்பு பிடித்துக்கொண்டது. "அண்ணா, நிரஞ்சுக்கு என்னாச்சு?" மறுபடி கூப்பிட்டான். "அண்ணா." "அது டாக்டருங்க வேலை கண்ணு. நீ உன் வேலையப் பாரு, உள்ள வா." உன் வேலையைப் பார். முனிவேல் விழுந்த அன்றைக்கும் இதே சொல்தான். முனிவேல் அவனோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவன், அதே கிட்டங்கியில் கார் நிறுத்தியவன். மழை நாள், ஷிஃப்ட் முடிகிற நேரம், கணக்கு குறைகிறது என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டிருந்தான். நிறுத்திய காரிலிருந்து இறங்கி வந்த முனிவேல் இரண்டு கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். பின்னால் வந்த காரை ஓட்டியவன் தர்மபுரிப் பையன், வேலைக்கு வந்து வாரம்கூட ஆகவில்லை, ஈரத்தில் பிரேக்கிலிருந்து செருப்பு வழுக்கிவிட்டது. கம்பெனி ஷூ நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். முனிவேலைத் தூக்கிப் போனார்கள், கம்பெனி ஆம்புலன்சில் இல்லை, ஒப்பந்தக்காரனின் வேனில். கேட்டைத் தாண்டிவிட்டால் அது கம்பெனி விபத்து ஆகாது. அப்புறம் மேஸ்திரி வேடியப்பனைப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "வேடியப்பன், அந்த வண்டிய ஷவர்ல ஒரு தடவ விட்டு எடு." அவனும் ஏறினான். அதுதானே வேலை, கார் நிற்கிற இடத்திலிருந்து சொல்கிற இடத்துக்கு. நாலு பக்கமும் தண்ணீர் அடித்தது. உள்ளே உட்கார்ந்திருந்தான், வைப்பர் போடவில்லை, கண்ணாடியில் தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒழுகவில்லை, ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை, நல்ல வண்டி. வெளியே வந்தபோது பளபளவென்று இருந்தது. மறுநாள் லாரியில் ஏறிப் போய்விட்டது. எந்த ஊரிலோ யாரோ அதற்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி எந்தக் கார் என்று கேட்டார். எந்தக் காரும் இல்லை. கார் இல்லையென்றால் விபத்து இல்லை, விபத்து இல்லையென்றால் முனிவேல் எங்கோ விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஒரு குடிகாரன்.

அந்தக் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். இப்போது ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் போன் செய்தான். "டிவில வந்தியாமே, இங்க ஒரே பேச்சு." "ஆமாண்டா." "நல்லா அழுத்துடா, எனக்கும் சேத்து அழுத்து, எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேடியப்பனுக்குச் சிரிக்க வரவில்லை. அதன் பிறகு எவ்வளவோ நேரம் பேசினார்கள், கேழ்வரகு விலை, முனிவேல் தங்கை கல்யாணம், அந்தக் காரைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசியிருந்தால் முனிவேல் என்ன சொல்லியிருப்பான்? நீ என்னடா பண்ணுவ, சொன்னத செஞ்ச, அப்படித்தான் சொல்லியிருப்பான். ஏழைகள் ஏழைகளை மன்னிப்பதற்கு அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. மன்னித்து மன்னித்துத்தான் மேஸ்திரிகள் இவ்வளவு கொழுத்தார்கள். நிரஞ்சுக்கு மன்னிக்கத் தேவையே இல்லை, அவனுக்கு வக்கீல் இருப்பார், ஆஸ்பத்திரியில் தனி அறை இருக்கும், அடுத்த வண்டி இருக்கும். அப்படியென்றால் யாருக்காக இந்தப் பம்பர்? பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்காகவா ஒரு கூலிக்காரன் தன் பிழைப்பை விட வேண்டும்? இதை நினைத்ததும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மேடையில் பேசக் கேட்டது போன்ற வாக்கியம், ஓங்கி நிற்கிறது. உள்ளே போ. போய் மாற்று. உன் ஆள்கள் எத்தனை தடவை தோற்றார்கள், ஒரு தடவை ஜெயித்துக்கொள். தெம்பு அடுத்த வளைவுவரை வந்தது. அங்கே கைவிட்டது. ஏனென்றால் தார்ப்பாயின் அடியில் தெரிந்த அந்தச் சக்கரம் எந்த வர்க்கத்தது என்று தொடைக்குத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நசுங்குகிறார்கள்.

"வேடியப்பன்." இது துரைசாமி அண்ணன் இல்லை. குழுவின் முதலாளி, ரத்தினசபாபதி சார், மெல்லிய குரல், கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகும். "சார்." "நீங்க எங்கிருந்து வந்தீங்கன்னு எனக்குத் தெரியும், எங்க போகப் போறீங்கன்னும் தெரியும். நடுவுல ஒரு பத்து செகண்ட் வேலை. பம்பர் டேமேஜ். அதுக்கு மேல யோசிக்க வேண்டியது உங்க வேலை இல்ல." முழுப் பெயர். "சார், நான் தொட்டேன் சார்." "லைன் சரியில்ல. கேக்கல." "பின்னால நான் தொட்டேன் சார், வலது மூலையில—" "கேக்கல வேடியப்பன். கேட்ட மாதிரி இருந்துச்சுன்னா அடுத்த வருஷத்துக்கு நான் வேற ஆள் பாக்கணும். உள்ள வாங்க." துண்டித்துவிட்டார். வியர்வை புருவத்திலிருந்து கண்ணில் இறங்கியது, துடைக்க வழியில்லை. சொல்லியாயிற்று, ஆனால் சொன்னது எங்கும் போய்ச் சேரவில்லை. முனிவேல் விஷயத்திலும் யாராவது ஒருவனாவது சொல்லியிருப்பான், அதுவும் இப்படித்தான் லைன் சரியில்லாமல் போயிருக்கும். சொல்வது போதாது. சொல்லை ஷவரில் விட வேண்டியதுகூட இல்லை, கேட்கவில்லை என்றால் போதும். கையகலச் சிவப்பை அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது. அதற்குத்தான் இரண்டு ஆள்களும் ஒரு புதுப் பம்பரும் தேவை. இந்த ஒரு பொருளுக்குத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள்.

மேற்குக் கோடியில் தார்ப்பாய் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. லாரி ஒன்று சிவப்பு வண்டியைக் கொக்கியில் தூக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் சிந்திய இடத்தில் சிமெண்டுத் தூளைக் கொட்டி, பெண்கள் தென்னந்துடைப்பத்தால் பெருக்கினார்கள், மஞ்சள் உடுப்புக்கு உள்ளே சேலை. பெருக்கி முடித்த இடம் மற்ற இடத்தைவிடச் சுத்தமாக இருந்தது. "கண்ணு." துரைசாமி அண்ணன் திரும்பி வந்திருந்தார். "பேசறானாம். ஏத்தறப்ப கை ஆட்டுனானாம்." "கால்ணா? காலு?" "தெரியல கண்ணு. ஸ்கேன் எடுக்கோணும்." பேசுகிறான். அந்தச் சொல்லின் பின்னாலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்தது: அப்படியென்றால் ஒன்றும் இல்லை, பிழைத்துவிட்டான், இனி உள்ளே போனால் என்ன? இந்த நினைப்பின் வேகத்தைப் பார்த்து வேடியப்பன் பயந்தான். பந்தயப் பாதையில் இவ்வளவு வேகமாக எதுவும் தன்னை முந்தியதில்லை. முனிவேலும் பேசிக்கொண்டுதான் போனான், வேனில் ஏற்றும்போது, என் செல்போன் கீழ விழுந்துடுச்சு பாரு என்று.

பாதுகாப்பு காரின் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. இந்தச் சுற்றோடு அது ஒதுங்கும், அடுத்தது ஓட்டம். கண்ணாடியில் பின்னால் இருந்த வண்டிகள் நெருங்கி வந்தன, ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு. பிட் வாசல் இடப்பக்கம் திறந்து கிடந்தது, கடைசித் தடவை. சுவரோரம் இரண்டு ஆள்கள் புது வெள்ளைப் பம்பரை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சார், கைகட்டி. மலேசியா என்ற ஊரை அவன் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஈரமான ஊராம், எப்போதும் மழையாம். போகலாம். கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் போதும், வண்டியே போய்விடும். அம்மாவுக்கு ஓடு போட்ட வீடு. மறுபடி ஒப்பந்தக்காரன் வாசலில் போய் நிற்பது என்றால், டிவியில் வந்துவிட்டுத் திரும்பியவனுக்கு அங்கே இரட்டைச் சிரிப்பு காத்திருக்கும். பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறைக்க ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நியாயம் என்றால் பெரிய சொல். இந்த வண்டியை நான் கழுவ எடுத்துப் போக மாட்டேன், அவ்வளவுதான், இந்த ஒரு வண்டியை. கை நேரே பிடித்திருந்தது. இந்தத் தடவை அதைப் பிடிக்கச் சொன்னது அவன்தான். சுவர் கடந்தது, பம்பர் தூக்கிய ஆள்கள் கடந்தார்கள், சார் கடந்தார்.

முன்னால் பாதுகாப்பு கார் ஒதுங்கியது. பாதை வெறுமையாக நீண்டது. பச்சைக் கொடி இன்னும் விழவில்லை. அப்போது ரேடியோ திறந்தது, காற்றுச் சத்தம், யாரோ தள்ளி வந்து நின்று பேசுவது போல. "கண்ணு." "அண்ணா." "மொதலாளி கெளம்பிப் போயிட்டாரு." கொஞ்சம் இருமினார். "ஓட்டு. ஓட்டி முடிச்சு அந்தக் கொட்டடியில விடறப்ப சுவத்தப் பாத்து விட்டுராத. மூஞ்சி வெளிய பாக்கற மாதிரி விடு. வயசான ஆளுங்க வருவாங்க, குனியாம பாக்கட்டும்."

"சரிங்கண்ணா" என்றான் வேடியப்பன். கொடி விழுந்தது. காலை அழுத்தினான்.